தியாஞ் பற்றிய கட்டுரையில் விடுபட்டவை

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பிரெஞ்சுப் பாராளுமன்றத்தில் செனகலின் உறுப்பினராக இருந்த பிளேஸ் தியாஞ் பற்றி உங்கள் ஞாயிறு மலரில் வந்த கட்டுரையை வாசித்தேன். மேற்கு ஆபிரிக்க அரசியல்வாதி ஒருவருக்கு முழுப் பக்கம் ஒதுக்கியதற்கு முதலில் நன்றி. நம் பத்திரிகைகளில் அந்தப் பக்கத்துச் செய்தி என்றால் பஞ்சம் வரும், உள்நாட்டுச் சண்டை வரும், உலகக் கிண்ணக் காலத்தில் கால்பந்து வரும். அங்கும் தேர்தல் நடந்தது, ஆட்கள் வாக்குக் கேட்டார்கள், வென்றார்கள், தோற்றார்கள் என்பதை யாரும் எழுதுவதில்லை.

ஆனால் கட்டுரை 1914இல் அவர் வென்றதையும் 1916இல் பிரஜாவுரிமைச் சட்டம் கொண்டுவந்ததையும் சொல்லிவிட்டு, ஒரே தாவலில் 2017இல் டக்காருக்கு வெளியே திறந்த, அவர் பெயர் தாங்கிய விமான நிலையத்துக்குப் போய்விட்டது. 1916க்குப் பிறகும் அந்த மனிதர் பதினெட்டு வருடம் உயிரோடு இருந்தார், அத்தனை வருடமும் பாராளுமன்ற உறுப்பினராகவே இருந்தார். இலங்கை மலையகத் தேயிலைத் தோட்டங்களில் வாசிக்கிறவனுக்கு வேண்டிய சங்கதியெல்லாம் அந்தப் பதினெட்டு வருடத்தில்தான் கிடக்கிறது. அதனால்தான் இதை எழுதுகிறேன். கடிதம் நீண்டுவிட்டது. இடம் போதாவிட்டால் என் குடும்பக் கதையை வெட்டிவிடுங்கள், அவருடைய கதையை வெட்ட வேண்டாம்.

நான் பொகவந்தலாவைப் பக்கத்துத் தோட்டம் ஒன்றில் நெடுங்காலம் தொழிற்சங்கத் தலைவராக இருந்தவன். பட்டம் படித்தவன் அல்ல. எண்பதுகளில் தோட்டத் தலைவர்மாரைக் கொழும்புக்குக் கூட்டிப்போய்த் தொழிற்சட்ட வகுப்பு வைத்தார்கள். சாப்பாடு நன்றாக இருந்தது, வகுப்பில் பாதிப் பேர் தூங்கினோம். அங்கே கட்டாய உழைப்புக்கு எதிரான, சர்வதேசத் தொழில் அமைப்பின் 29ஆம் இலக்க சமவாயத்தைப் பற்றிப் பாடம் எடுத்தவர், இடையில் ஒன்றைச் சொன்னார். 1930இல் ஜெனீவாவில் அந்தச் சமவாயம் விவாதத்துக்கு வந்தபோது, பிரான்ஸ் அரசின் பக்கம் நின்று காலனிகளில் கட்டாய வேலைக்கு வக்காலத்து வாங்கியவர் ஒரு கறுப்பர், அதுவும் அடிமைகளைக் கப்பலேற்றிய தீவிலேயே பிறந்தவர் என்றார். எனக்குத் தூக்கம் போய்விட்டது. அன்று கேட்ட பெயர்தான் பிளேஸ் தியாஞ். அதன்பிறகு அவரைப் பற்றி எது கண்ணில் பட்டாலும் விடுவதில்லை. இப்போது பேரப்பிள்ளைகள் கைத்தொலைபேசியில் தேடி எடுத்து, எழுத்தைப் பெரிதாக்கித் தருகிறார்கள்.

முதலில் ஒரு திருத்தம். பிரெஞ்சுப் பாராளுமன்றத்தில் அமர்ந்த முதல் கறுப்பர் தியாஞ் என்று கட்டுரை சொல்கிறது. அப்படியல்ல. பிரெஞ்சுப் புரட்சிக் காலத்திலேயே, 1794இல், கரீபியன் தீவிலிருந்து வந்த ழான் பப்டிஸ்ட் பெலே என்ற கறுப்பர் அங்கே அமர்ந்திருக்கிறார். 1898இல் குவாடலூப் தீவிலிருந்து லெஜித்திமுஸ் என்பவர் போனார். செனகலுக்கே 1848இல் ஓர் ஆசனம் கிடைத்தது, ஆனால் அதில் வெள்ளையர்களும் கலப்பினத்தவர்களுமே மாறி மாறி உட்கார்ந்தார்கள். ஆபிரிக்காவில் வாக்கெடுத்துப் போன முதல் கறுப்பின ஆபிரிக்கர் தியாஞ் என்று எழுதினால் சரி. அதுவே சின்ன விஷயமா?

அவர் பிறந்தது 1872இல், டக்காருக்கு எதிரே உள்ள கோரே தீவில். தகப்பன் சமையல்காரர். கிரெஸ்பின் என்ற வசதியான கலப்பினக் குடும்பம் பையனை எடுத்து வளர்த்து, ஞானஸ்நானம் கொடுத்துப் படிக்க வைத்தது. இருபது வயதில் சுங்க இலாகாவில் சேர்ந்தார். தஹோமி, பிரெஞ்சுக் கொங்கோ, ரியூனியன், மடகஸ்கார், கடைசியில் தென்னமெரிக்கக் கரையிலிருக்கும் கயானா என்று ஊர் ஊராக மாற்றினார்கள். வாய் சும்மா இருக்காது. கறுப்பு அதிகாரிக்கும் வெள்ளை அதிகாரிக்கும் ஒரே மரியாதை வேண்டும் என்று போன இடமெல்லாம் மேலதிகாரிகளோடு தகராறு.

கட்டுரையில் நான்கு கம்யூன்கள் என்று போகிற போக்கில் ஒரு வரி வருகிறது. அதை விளக்காவிட்டால் தியாஞ்சின் அரசியல் புரியாது. செயின்ட் லூயி, கோரே, டக்கார், ருஃபிஸ்க் என்ற நான்கு கரையோரப் பட்டினங்களில் பிறந்த ஆபிரிக்கர்களுக்கு மட்டும் வாக்கு இருந்தது. அந்த எல்லையைத் தாண்டிக் கொஞ்சம் உள்ளே பிறந்தவன் பிரான்சின் குடிமகன் அல்ல, ஆளப்படுகிற ஆள். அவனை வழக்கு விசாரணையில்லாமல் அதிகாரி உள்ளே போடலாம், வீதி வெட்டக் கூட்டிப்போகலாம். நான்கு பட்டினத்து ஆட்களுக்கும் நிம்மதி இல்லை. வாக்களிக்கலாம், ஆனால் நீங்கள் முழுப் பிரஜைகள் அல்ல என்று நிர்வாகம் சொல்லிக்கொண்டிருந்தது. அவர்களில் அநேகர் முஸ்லிம்கள். கலியாணத்துக்கும் சொத்துக்கும் தங்கள் மார்க்கச் சட்டத்தை விட மறுத்தார்கள், அதையே காரணமாகக் காட்டி வாக்காளர் இடாப்பிலிருந்து பெயர்களை வெட்டப் பார்த்தார்கள். இடாப்பிலிருந்து பெயர் வெட்டுவது என்றால் என்னவென்று மலையகத்தானுக்கு யாரும் பாடம் எடுக்கத் தேவையில்லை.

1914இல், இருபது வருடத்துக்கு மேல் வெளியூரிலிருந்த தியாஞ் வந்திறங்கித் தேர்தலில் நின்றார். ஊரில் அவரைத் தெரிந்தவர்கள் குறைவு. எதிரே, பதவியிலிருந்த கலப்பினத்தவர் கார்ப்போ, அவரோடு பல வெள்ளைக்கார வேட்பாளர்கள், அவர்களுக்குப் பின்னால் பொர்டோ நகரத்து வணிகக் கம்பனிகளின் காசு. தியாஞ்சுக்குப் பின்னால் என்ன இருந்தது? குமாஸ்தாக்களும் வாத்தியார்களுமாகச் சேர்ந்த இளம் செனகலியர் என்ற கூட்டம். ருஃபிஸ்க்கில் செல்வாக்குள்ள கலாந்து தியூஃப். டக்காரில் பரம்பரைக் காணியைப் பறிகொடுத்துக்கொண்டிருந்த லெபு மக்கள். ஏப்ரல் 26இல் முதற் சுற்று, மே 10இல் இரண்டாம் சுற்று. சொற்ப வாக்கு வித்தியாசத்தில் வென்றார். கறுப்பன் வெல்ல மாட்டான் என்று அசட்டையாக இருந்தவர்கள் தேர்தலைச் செல்லாதென்று ஆக்கப் பார்த்தார்கள், முடியவில்லை.

அதே வருடம் டக்காரில் பிளேக் நோய் பரவியது. நோயைக் காட்டி நகரத்தின் மையத்திலிருந்த ஆபிரிக்கர் வீடுகளை எரித்து, ஆட்களை வெளியே மெதினா என்ற புதுக் குடியிருப்புக்குத் தள்ள நிர்வாகம் முயன்றது. லெபு மக்கள் அசைய மறுத்தார்கள். புது எம்.பி. அவர்களுக்காக இடையில் நின்று பேசினார், முழுசாகத் துரத்த முடியவில்லை. வாக்குக் கொடுத்த ஆளுக்கு எம்.பி. செய்ய வேண்டிய வேலை அதுதான், அதைச் செய்தார். இதைக் கட்டுரையில் ஒரு வரியாவது எழுதியிருக்கலாம்.

பிறகு முதலாம் உலகப் போர். நான்கு பட்டினத்து ஆட்களைக் காலனிப் படையில் போடாமல் பிரெஞ்சு இராணுவத்திலேயே சேர்க்க வேண்டும் என்று 1915 ஒக்டோபரில் ஒரு சட்டம் கொண்டுவந்தார். போரில் இருக்கிற நாடு, ஆள் வேண்டும், மறுக்க முடியாது. அடுத்த வருடம் செப்டெம்பர் 29இல் இரண்டாவது சட்டம்: நான்கு கம்யூன்களில் பிறந்தவர்களும் அவர்கள் வழிவந்தவர்களும் பிரெஞ்சுப் பிரஜைகள். மார்க்கச் சட்டத்தை விட வேண்டியதில்லை. ஒரு தொகுதியின் தனி உறுப்பினர், பெரிய கட்சிப் பலம் கிடையாது, இரண்டு வருடத்துக்குள் தன் மக்களின் வாக்கை யாரும் தொட முடியாதபடி பூட்டுப் போட்டுவிட்டார். ‘வழிவந்தவர்களும்’ என்று சேர்த்துக்கொண்டதைக் கவனியுங்கள். எங்கள் வீட்டில் பதிவுப் பிரஜை, வம்சாவளிப் பிரஜை என்று இரண்டு வகை அட்டைகள் இருந்தன. அந்தப் பேதத்தால் பிள்ளைகள் பட்ட பாட்டை நான் பார்த்திருக்கிறேன். தியாஞ் அதற்கு இடம் வைக்கவில்லை. கெட்டிக்காரர்.

இதுவரைக்கும் உங்கள் கட்டுரையாளரும் நானும் ஒரே பக்கம்தான்.

1917இல் வட பிரான்சில் நடந்த ஒரு தாக்குதலில் கறுப்புச் சிப்பாய்கள் கொத்துக் கொத்தாகச் செத்தார்கள். பாராளுமன்றத்தின் இரகசிய அமர்வில் எழுந்து அவர்களை அனுப்பிய தளபதி மாஞ்சானைக் கிழித்தெடுத்தவர் தியாஞ். அடுத்த வருடமே பிரதமர் கிளெமன்சோ அவரைக் கூப்பிட்டு, மேற்கு ஆபிரிக்காவில் இன்னும் படைக்கு ஆள் சேர்த்துத் தா என்றார். ஆளுநர் நாயகத்துக்குச் சமமான பதவி, குடியரசின் ஆணையாளர் என்று பட்டம். தியாஞ் ஒத்துக்கொண்டார்.

அதற்கு முன் அங்கே நடந்ததையும் தெரிந்துகொள்ள வேண்டும். 1915, 16இல் ஆள்பிடிப்புத் தாங்காமல் வோல்டா ஆற்றுப் பக்கத்தில் ஊர் ஊராகக் கிளர்ந்து எழுந்தார்கள், பீரங்கி கொண்டுபோய் அடக்கினார்கள். இனியும் ஆள் பிடித்தால் நாடு தாங்காது என்று ஆளுநர் நாயகம் வான் வொலன்ஹோவன் மேலிடத்துக்கு எழுதினார். கேட்கவில்லை. அதிகாரத்தை இன்னொருவரோடு பங்குபோட மாட்டேன் என்று பதவியை விட்டுவிட்டுத் தானே போர்முனைக்குப் போனார், சில மாதத்தில் அங்கே செத்தும் போனார். வெள்ளைக்கார ஆளுநர் வேண்டாம் என்ற வேலையைக் கறுப்பின எம்.பி. ஏற்றுக்கொண்டு ஊர் ஊராகப் போனார். அவரைக் கண்டதும் ஆட்களுக்கு வாய் அடைத்துவிட்டது. நம் ஆள், வெள்ளைக்கார அதிகாரி எழுந்து நின்று வணக்கம் வைக்கிறான்! பதக்கம் உண்டு, வரி கிடையாது, திரும்பி வந்தால் வேலை, நன்றாகச் சண்டை போட்டவனுக்குப் பிரஜாவுரிமை, ஊருக்கு வைத்தியக் கல்லூரி என்று வாக்குறுதி கொடுத்தார். 40,000 வந்தால் போதும் என்று இருந்த இடத்தில் மேற்கு ஆபிரிக்காவில் மட்டும் 63,000 பேர் சேர்ந்தார்கள். வைத்தியக் கல்லூரி டக்காரில் வந்தது. மற்றவற்றில் பெரும்பங்கு காகிதத்தோடு போயிற்று. அந்தப் போர் முழுவதிலும் மேற்கு ஆபிரிக்கச் சிப்பாய்கள் சுமார் 30,000 பேர் மடிந்தார்கள்.

இங்கே என் கேள்வி ஒன்றுதான். அந்த 63,000 பேரில் மிகப் பெரும்பாலோர் தியாஞ்சுக்கு வாக்களிக்க முடியாதவர்கள். நான்கு பட்டினத்துக்கு வெளியே, உள்நாட்டுக் கிராமங்களில் பிறந்தவர்கள். பட்டினத்து ஆள் போருக்குப் போனான், பிரஜாவுரிமை அவன் கைக்கு முன்கூட்டியே வந்தது. உள்நாட்டு ஆள் போருக்குப் போனான், திரும்பி வந்தபின் பார்க்கலாம் என்றார்கள். இரண்டு பேருக்கும் சட்டம் பேசியவர் ஒரே மனிதர். ஒருவனிடம் வாக்கு இருந்தது, மற்றவனிடம் இல்லை.

மலையகத்தில் அவரைக் கண்டால் பெரிய கங்காணி என்று சொல்லியிருப்போம். நம் முன்னோரைத் திருச்சியிலும் புதுக்கோட்டையிலும் போய்ப் பிடித்தவன் வெள்ளைக்காரத் துரை அல்ல. அதே ஊர்க்காரன், தலைப்பாகையும் கோட்டும் வெள்ளிப் பூண் போட்ட பிரம்புமாக வந்தவன், நம் மொழியில் பேசினவன். தேங்காயும் மாசியும் தேயிலைத் தூரில் கிடக்கும் என்று அவன்தான் சொன்னான். பிரட்டுக்கு, அதாவது காலையில் ஆள் கணக்கெடுக்கும் இடத்துக்கு, வந்த ஒவ்வொரு தலைக்கும் தினம் அவனுக்குக் காசு. ஆட்களின் கடனைத் துண்டில் எழுதித் தோட்டத்துக்குத் தோட்டம் கைமாற்றினார்கள். அந்தத் துண்டு முறையை 1921இல்தான் சட்டம் போட்டு ஒழித்தார்கள்.

இந்த ஒப்பீட்டை நான் இட்டுக்கட்டவில்லை. தியாஞ்சின் காலத்திலேயே இதே சந்தேகம் எழுந்தது. 1924இல் பாரிஸில் கறுப்பர்கள் நடத்திய ஒரு பத்திரிகை, சேர்த்த ஒவ்வொரு சிப்பாய்க்கும் அவர் தரகு வாங்கினார் என்று எழுதியது. அவர் மான நட்ட வழக்குப் போட்டு வென்றார், பத்திரிகை நொடித்து மூடப்பட்டது. நீதிமன்றம் அவர் பக்கம் தீர்த்த விஷயம். ஆகவே காசு வாங்கினார் என்று நான் சொல்ல மாட்டேன். சொன்னால் ஆசிரியரான உங்களுக்கும் தலையிடி. ஆனால் காசு வாங்கினாரா இல்லையா என்பதில் எனக்குப் பெரிய அக்கறையும் இல்லை. வாங்காமல் செய்திருந்தாலும் போன ஆட்கள் போனவர்கள்தானே.

போருக்குப் பிறகு அவர் மெல்ல மெல்ல பிரெஞ்சு அரசின் பக்கம் சாய்ந்தார். 1919இல் பாரிஸில் அகில ஆபிரிக்க மாநாடு கூடக் கிளெமன்சோவிடம் அனுமதி வாங்கிக் கொடுத்து, தலைமையும் வகித்தார். அமெரிக்காவிலிருந்து கறுப்பர் உரிமைக்காகப் போராடிய டு போய்ஸ் வந்திருந்தார். ஆனால் அங்கும் பிரான்ஸின் ஆட்சியைக் குறைசொல்லத் தியாஞ் விடவில்லை. 1914இல் தன்னை எதிர்த்துக் காசு இறைத்த பொர்டோ வணிகர்களோடு 1923இல் உடன்படிக்கை செய்துகொண்டார். அவர்களுடைய வியாபாரத்துக்கு அவர் இடைஞ்சல் இல்லை, அவருடைய தேர்தலுக்கு அவர்கள் இடைஞ்சல் இல்லை. இளம் செனகலியர் ஒவ்வொருவராகக் கழன்றார்கள். 1928இல் அவரை எதிர்த்து நின்றவர் யார் தெரியுமா? 1914இல் கூட நின்று வேலை செய்த அதே கலாந்து தியூஃப். தியாஞ் மயிரிழையில் தப்பினார், வாக்குப் பெட்டியில் கைவைத்தார்கள் என்று ஊரெல்லாம் பேச்சு. 1930இல் ஜெனீவா, அதை முன்பே சொன்னேன். 1931இல் பிரெஞ்சு அரசாங்கத்தில் காலனிகளுக்கான துணை அமைச்சர். அந்த நிலைக்குப் போன முதல் ஆபிரிக்கர். 1934 மே மாதம் பிரான்சில் காலமாகும்போதும் அவர் எம்.பி.தான். அந்த ஆசனத்துக்குத் தியூஃப் வந்தார், வந்தபின் அவரும் ஏறக்குறைய அதே வழியில் போனார்.

அவர் பக்கத்து நியாயத்தையும் சொல்லிவிட வேண்டும். தான் போகாவிட்டால் ஆள்பிடிப்பு நின்றிருக்காது, முன்புபோல் கயிற்றோடு வந்திருப்பார்கள் என்று அவர் நினைத்திருக்கலாம். இரத்தம் கொடுத்தால் உரிமை வரும் என்பது அவருடைய நம்பிக்கை, பட்டினத்து விஷயத்தில் அது பலித்தும் இருக்கிறது. அரசாங்கத்துக்கு உள்ளே போனால்தான் எதையாவது பிடுங்க முடியும் என்ற கணக்கு நமக்கும் புதிதல்ல. 1977இல் நுவரெலியா - மஸ்கெலியா மூன்று அங்கத்தவர் தொகுதியில் வென்ற மலையகத் தொழிற்சங்கத் தலைவர் தொண்டமான், அடுத்த வருடம் அமைச்சரவைக்குப் போனபோது திட்டாத ஆள் கிடையாது. நானும் திட்டினேன். ஆனால் அமைச்சராக இருந்துகொண்டே 1986 ஜனவரியில் தோட்டம் தோட்டமாகப் பிரார்த்தனைப் போராட்டம் நடத்த வைத்தார். வேலைக்கு இறங்காமல் கோயிலடியில் உட்கார்ந்தோம். எந்த நாட்டுப் பிரஜையும் அல்லாமல் கிடந்த நாடற்றவர் பிரச்சினைக்கு 1986இலும் 1988இலும் சட்டம் வந்தது. அமைச்சர் பதவியில் இருந்துகொண்டு, வாக்கில்லாத ஆட்களைக் கொண்டு அரசாங்கத்தை நெருக்கினார். தியாஞ் துணை அமைச்சராக இருந்துகொண்டு உள்நாட்டு ஆபிரிக்கர்களுக்கு அப்படி ஏதாவது செய்தாரா என்று தேடித் தேடிப் பார்த்தேன். எனக்கு அகப்படவில்லை. இதுதான் நான் போடும் அளவுகோல்: தனக்கு வாக்களித்தவனுக்கு என்ன செய்தார் என்பதைவிட, வாக்களிக்க முடியாதவனுக்கு என்ன செய்தார் என்பது.

இந்த அளவுகோல் எங்கிருந்து வந்தது என்றால், எங்கள் வீட்டிலிருந்துதான். அப்பா 1947 பொதுத் தேர்தலில் தலவாக்கலைத் தொகுதியில் வாக்களித்தவர். அந்தத் தேர்தலில் இலங்கை இந்தியன் காங்கிரஸ் ஏழு ஆசனம் எடுத்தது: நுவரெலியாவில் தொண்டமான், தலவாக்கலையில் சி.வி. வேலுப்பிள்ளை, கொட்டகலையில் குமாரவேலு, நாவலப்பிட்டியில் இராஜலிங்கம், மஸ்கெலியாவில் மோத்தா, பதுளையில் சுப்பையா, அலுத்நுவரவில் இராமானுஜம். அடுத்த வருடம் 18ஆம் இலக்கப் பிரஜாவுரிமைச் சட்டம் வந்து, நம் ஆட்களில் பெரும்பாலோரைப் பிரஜை அல்லாதவர் ஆக்கியது. 1949இல் தேர்தல் சட்டத்தைத் திருத்தி, பிரஜை அல்லாதவனுக்கு வாக்கில்லை என்றார்கள். 1952 தேர்தலில் அந்த ஏழு, பூச்சியமாயிற்று. அப்பா 1949ஆம் ஆண்டின் இந்திய பாக்கிஸ்தானியர் சட்டத்தின்கீழ் பிரஜாவுரிமைக்கு விண்ணப்பித்தார். கலியாணம் கட்டியவனுக்கு 1946க்கு முன் ஏழு வருடம் தொடர்ந்து இங்கே இருந்ததற்கு அத்தாட்சி வேண்டும். இடையில் பாட்டியின் நோய்க்காக ஊருக்குப் போய் ஒரு வருடத்துக்கு மேல் தங்கியிருந்தார். விண்ணப்பம் தள்ளுபடி. 1964 இலங்கை - இந்திய ஒப்பந்தத்தில் அத்தை குடும்பம் இந்தியாவுக்குப் போய்க் கோத்தகிரிப் பக்கம் தேயிலை பறித்தது. அப்பா இங்கேயே கிடந்தார். 1988 சட்டம் வந்தபின் சத்தியக் கடதாசியைப் பொலித்தீன் உறையில் போட்டு வைத்துக்கொண்டு, 1989 தேர்தலில் மறுபடி புள்ளடி போட்டார். இடைப்பட்ட காலத்தில் தோட்டத்துப் பாதை உடைந்தால், தண்ணீர்க் குழாய் வெடித்தால், ஆஸ்பத்திரி மூடிக் கிடந்தால், எந்த எம்.பி.யும் எட்டிப் பார்க்கவில்லை. பார்க்க வேண்டிய தேவை அவர்களுக்கு இல்லை. பக்கத்துக் கிராமத்துக்கு மின்சாரம் எங்கள் லயத்து வீடுகளுக்கு மேலேயே கம்பி இழுத்துப் போயிற்று.

மேற்கு ஆபிரிக்காவில் கதை எப்படி முடிந்தது என்பதையும் உங்கள் வாசகர்களுக்குச் சொல்ல வேண்டும். ஐவரி கோஸ்டில் பிரெஞ்சுத் தோட்டக்காரர்களின் கோப்பி, கொக்கோத் தோட்டங்களுக்கு ஆபிரிக்கர்களைக் கட்டாயமாகப் பிடித்துக் கொடுத்துக்கொண்டிருந்தார்கள். அங்கிருந்து 1945 தேர்தலில் ஃபெலிக்ஸ் ஊஃபுவே புவானி என்பவர் பாரிஸுக்குப் போனார். படிப்பால் வைத்திய உதவியாளர், தானே கொக்கோத் தோட்டம் வைத்திருந்தவர். கூலிக்கு ஆள் பிடித்துக் கொடுத்தால் லாபம் பார்க்கிற இடத்தில் இருந்தவர் என்றுதான் பார்த்தவர் நினைப்பார்கள். ஆனால் கறுப்புத் தோட்டக்காரர்களுக்கு ஆள் கிடைக்காமல் எல்லாரையும் வெள்ளைத் தோட்டத்துக்கே பிடித்துப் போனார்கள். அவருக்குச் சொந்த நியாயமும் இருந்தது, ஊர் நியாயமும் இருந்தது. 1946 ஏப்ரலில் காலனிகளில் கட்டாய உழைப்பை ஒழிக்கும் சட்டம் அவர் பெயரில் நிறைவேறியது. அடுத்த மாதமே, செனகல் எம்.பி. லமீன் கெயே கொண்டுவந்த சட்டம் எல்லாக் காலனி மக்களையும் பிரஜைகள் ஆக்கியது. நான்கு பட்டினம், உள்நாடு என்ற பிரிவு ஏட்டளவில் போயிற்று. வாக்கு எல்லாருக்கும் வர இன்னும் பத்து வருடம் சென்றது, அது வேறு கதை. ஊஃபுவே புவானி பிற்காலத்தில் ஜனாதிபதியாகி, 1993இல் சாகும்வரை நாற்காலியை விடவில்லை, வேறு கட்சிகளை நெடுங்காலம் வளரவும் விடவில்லை. அவரையும் சாமியாக்க வேண்டாம்.

1946இல் அங்கே கட்டாய வேலைக்குப் போனவர்களைப் பிரஜைகள் ஆக்கினார்கள். 1948இல் இங்கே வேலைக்குக் கூட்டிவந்தவர்களிடமிருந்து அதைப் பிடுங்கினார்கள். அவர்களும் காலனியாக இருந்தவர்கள், நாமும் காலனியாக இருந்தவர்கள். நம் பக்கம் சுதந்திரம் வந்து சில மாதத்தில் நடந்த வேலை இது. பாடப்புத்தகத்தில் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் போட்டால் பிள்ளைகளுக்கு விளங்கும்.

பழங்கதை எதற்கு, இப்போதுதான் எல்லாருக்கும் வாக்கு இருக்கிறதே என்று கேட்பார்கள். இருக்கிறது. 2003இல் மிச்சமிருந்தவர்களுக்கும் பிரஜாவுரிமைச் சட்டம் வந்தது. ஆனால் வாக்கு வந்தபின்னும் பிரதேச சபைகள் தோட்டப் பாதைக்குக் கல் போட வழியில்லாமல் சட்டம் இருந்தது. 1987 பிரதேச சபைச் சட்டத்தின் 33ஆம் பிரிவைத் திருத்த 2018 வரை பொறுத்திருக்க வேண்டியதாயிற்று. அத்தனை வருடம் பிரதேச சபைத் தேர்தலில் நாம் வரிசையில் நின்று வாக்களித்தோம், சபைத் தலைவர் வந்து கும்பிட்டுப் போனார், ரோட்டுக்கு மட்டும் கம்பனியைக் கேளுங்கள் என்றார்.

இன்னொன்று, இதைத்தான் நான் முக்கியமாக உங்கள் கவனத்துக்குக் கொண்டுவர விரும்புகிறேன். எங்கள் தோட்டத்துப் பையன்கள், பெட்டைகள் பாதிப் பேர் கொழும்பில். கடை, ஹோட்டல், வீட்டு வேலை, ஆடைத் தொழிற்சாலை. வாக்காளர் இடாப்புப் புதுப்பிக்கும்போது கிராம சேவகர் படிவத்தில், வீட்டில் இல்லாத ஆள் என்று தோட்டத்தில் பெயரை எடுத்துவிடுகிறார்கள். கொழும்பில் தங்குகிற இடத்திலோ, வீட்டுக்காரர் தன் விலாசத்தில் பெயர் போட விடுவதில்லை. இரண்டு இடத்திலும் இல்லை. யாரும் சட்டம் போட்டுப் பறிக்கவில்லை, சத்தமில்லாமல் உதிர்கிறது. எங்கள் லயத்திலேயே போன தேர்தலுக்குத் தீபாவளி மாதிரி பஸ் ஏறி வந்து, சாவடியில் பெயரில்லை என்று திரும்பிப் போன பிள்ளை இருக்கிறது. மலையக எம்.பி.க்கு அந்தப் பிள்ளையின் வாக்கு இல்லை, கொழும்பு எம்.பி.க்கும் இல்லை. அப்படியானால் அந்தப் பிள்ளையின் சம்பளப் பிரச்சினையை யார் பேசுவது? தலைவர்மாரும் பேச மாட்டார்கள். சங்கச் சந்தா வெட்டுவது தோட்டத்துச் சம்பளத்தில்தானே.

ஆகவே இரண்டு வேண்டுகோள். ஞாயிறு மலரில் தியாஞ் பற்றி இரண்டாம் பகுதி ஒன்று எழுதச் சொல்லுங்கள், 1918இலிருந்து தொடங்கட்டும். உங்கள் கட்டுரையாளர் நன்றாக எழுதுகிறார், அவராலேயே முடியும். மற்றது, அடுத்த முறை இடாப்புப் புதுப்பிக்கும் காலம் வரும்போது, தோட்டத்தை விட்டு வெளியே வேலை செய்கிற பிள்ளைகள் எங்கே, எப்படிப் பெயர் பதிய வேண்டும், மறுத்தால் யாருக்கு முறையிட வேண்டும் என்பதை முன்பக்கத்தில் கட்டம் கட்டிப் போடுங்கள். வேட்பாளர்களின் படத்துக்கு ஒதுக்கும் இடத்தில் காற்பங்கு போதும்.

இப்படிக்கு,
முன்னாள் தோட்டத் தலைவர் ஒருவர்,
பொகவந்தலாவை.

பி.கு.: தியாஞ்சின் மகனைக் கட்டுரை சொல்லாமல் விட்டது எனக்கு ஆச்சரியம். ராவுல் தியாஞ், தகப்பன் கயானாவில் வேலை செய்த காலத்தில் பிறந்தவர். 1931இல், தகப்பன் துணை அமைச்சராக இருந்த அதே வருடம், பிரான்ஸ் தேசிய கால்பந்து அணியில் இறங்கிய முதல் கறுப்பர். 1938 உலகக் கிண்ணமும் ஆடினார், சுதந்திரத்துக்குப் பிறகு செனகல் அணியைப் பயிற்றுவித்தார். எங்கள் தோட்டத்துப் பையன்கள் மத்தியில் தகப்பனை யாருக்கும் தெரியாது, மகனைச் சொன்னால் காது கொடுக்கிறார்கள்.